கல்லை நேசித்தவனும் கலங்கி நின்றவனும்

பீஷம் சாஹ்னியின் 'தமஸ்' என்னும் இந்தி நாவல் 1975இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதில் வரும் ரிச்சர்டு என்ற ஆங்கில அதிகாரியை, மாத்தளைக்கு அருகே அலுவிகாரைக் குகைகளைக் காணும்போதெல்லாம் நான் நினைப்பதுண்டு. கி.மு. முதல் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் ஏறிய இடம் இது. ரிச்சர்டும் பௌத்தக் கலையில் மனம் பறிகொடுத்தவன். தட்சசீலத்தின் பெருமையில் தோய்ந்தவன். ஆயினும் பிரிவினைக்குச் சற்று முன், அவன் ஆளும் நகரில் மதக்கலகம் மூளும் வேளையில், தலைவர்கள் வந்து முறையிட்டும் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறான்.

நத்து தோல் பதனிடும் ஏழை. முராத் அலி ஏவியபடி, காரணம் அறியாமல் ஒரு பன்றியைக் கொல்கிறான். மறுநாள் அது மசூதிப் படியில் கிடக்கிறது, நகரம் பற்றியெரிகிறது. நத்துவின் நெஞ்சும் எரிகிறது. ஏவியவனோ இறுதியில் அமைதிக் குழுவின் பேருந்தில் அமர்ந்து ஒற்றுமை முழக்கம் எழுப்புகிறான்.

இலங்கையிலும் 1915இல் கண்டியில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலகம் பல ஊர்களுக்குப் பரவியது. ஆகவே இந்நாவல் நமக்கு அயலார் கதையன்று. பழங்கற்களைப் போற்றிய அறிஞனிடம் இல்லாத மனச்சாட்சி, அறியாமல் கருவியான ஏழையிடம் இருந்தது. சாஹ்னி நமக்குக் காட்டும் உண்மை இதுவே.