மலையில உரம் போட்டும் காபிச் செடி தேறலையா? மண்ணோட புளிப்பைப் பாருங்க!

கன்னிவாடியில இருந்து ஆடலூர், பன்றிமலைக்கு ஏறினால் காபி, மிளகு, மலைவாழைத் தோட்டங்கள் வந்துவிடும். கீழே சமவெளியைவிட மேலே மழை அதிகம். அந்த மழைநீர் மண்ணில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தைக் கரைத்து இறக்கிக்கொண்டே போகும். மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும். அதனால்தான் மலை மண் ஆழமாக, மணலும் களியும் கலந்து பொலபொலவென இருந்தாலும் அமிலத்தன்மை கூடிவிடுகிறது.

அமிலம்னா எவ்வளவு? பி.எச். 7 என்பது நடுநிலை. 6-ல் இருந்து 5-க்கு இறங்கினால், ஒரு புள்ளிதானே என நினைக்காதீங்க. அமிலம் 10 மடங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் வளர்ச்சியை முடக்கும். காசு கொடுத்துப் போடும் சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள மணிச்சத்தையும் இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். செடிக்குக் கிடைப்பது கொஞ்சம்தான்.

இதுக்குப் பெயர் என்ன? அடியில் களி சேர்ந்த இத்தகைய மண்ணை அமெரிக்க வகைப்பாடு இரண்டாகப் பிரிக்கிறது. அடிமண்ணில் கால்சியம் போன்ற காரச்சத்துகளின் பங்கு 35 சதவீதத்துக்குக் குறைந்தால் அல்டிசால், கூடினால் ஆல்ஃபிசால். கண்ணால் பார்த்தால் இரண்டுமே செம்மண்தான்!

அப்போ சுண்ணாம்பு போட்டால் சரியாகிடுமா? ஆகும், ஆனால் மண் பரிசோதனையில் அளவு தெரிந்த பிறகு போடுங்க. களி கூடிய மண் அதிகம் கேட்கும். யூரியாவோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகப் பறந்துவிடும்.