மூலை உருண்ட கதை

ஆப்பிளின் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டர் 1984 ஜனவரியில் மேடையேறிய கதை ஊரறிந்தது. நாம் அதற்கு மூன்று வருடம் முன்னால் போய் எட்டிப் பார்த்துவிடுவோம், வாருங்கள்! கலிஃபோர்னியாவின் குபர்டினோவில் ஒரு டெக்ஸகோ பெட்ரோல் பங்க். பக்கத்தில் சின்னதாக ஓர் அலுவலகக் கட்டடம், செல்லப் பெயர் 'டெக்ஸகோ டவர்ஸ்'. மெக்கின்டாஷ் குழுவின் ஜாகை அங்கேதான்.

1981 வசந்த காலம். பெரும்பாலும் வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதும் பில் அட்கின்சன், புதுச்சரக்கோடு வந்து இறங்குகிறார். திரை வட்டமும் நீள்வட்டமுமாக மளமளவென்று நிரம்புகிறது. எப்படி இவ்வளவு வேகம்? வட்டம் போட வழக்கமாக வர்க்கமூலம் வேண்டும். கம்ப்யூட்டருக்குள் இருந்த மோட்டோரோலா 68000 சிப்புக்கோ தசமக் கணக்கு நேரடியாக வராது. அட்கின்சன் பிடித்த வழியைப் பாருங்கள். முதலில் 1. அதோடு 3 சேர்த்தால் 4. அதோடு 5 சேர்த்தால் 9. மேலே 7 சேர்த்தால் 16. ஒற்றைப்படை எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் வர்க்க எண்கள் வரிசைகட்டி வருகின்றன! வர்க்கமூலத்தைத் தொடாமலே, வெறும் கூட்டல் கழித்தலில் வட்டம். பள்ளிக்கூடத்துக் கணக்கு இப்படி ஓர் இயந்திரத்துக்குள் போய் ஓடுவதை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது.

ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் பார்த்தார், பிடித்திருந்தது. உடனே, மூலை உருண்ட செவ்வகம் வருமா என்று கேட்டார். அது கஷ்டம், தேவையும் இல்லை என்றார் அட்கின்சன். ஜாப்ஸ் விடுவாரா? அறையில் இருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினார், மேசைகளைக் காட்டினார், அதுவும் போதாமல் தெருவுக்கே அழைத்துப் போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் காட்டினார். 'நோ பார்க்கிங்' பலகையிடம் வந்தபோது அட்கின்சன் சரணடைந்துவிட்டார். மறுநாள் பிற்பகலே திரும்பி வந்தார்: சாதாரணச் செவ்வகத்துக்குக் கிட்டத்தட்ட ஈடான வேகத்தில், மூலை உருண்ட செவ்வகங்கள்! பிறகு மெக்கின்டாஷ் திரையில் பொத்தான்களுக்கெல்லாம் அந்த உருவம்தான்.

அட்கின்சனின் இன்னொரு வேலை எனக்கு இதைவிடப் பிடிக்கும். 1982 தொடக்கத்தில், அவர் வேலை பார்த்த, ஆப்பிளின் லிசா கம்ப்யூட்டர் குழுவில் மேலாளர்கள் ஒரு படிவம் கொடுத்தார்கள். இந்த வாரம் எத்தனை வரி புரோகிராம் எழுதினாய் என்று ஒவ்வொருவரும் நிரப்ப வேண்டும். அட்கின்சன் அப்போதுதான், திரையில் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் ஜன்னல்களில் எந்தத் துண்டு தெரியும், எது மறையும் என்று கணக்கிடும் பகுதியை அடியோடு திருத்தி எழுதியிருந்தார். வேகம் ஏறக்குறைய ஆறு மடங்கு கூடியது, புரோகிராமில் சுமார் 2,000 வரி குறைந்தது. படிவத்தில் என்ன எழுதினார் தெரியுமா? -2000!

சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.