மேட்டூர்ச் சேற்றில் ஸ்காண்டியம்

மேட்டூர் மால்கோ ஆலை 1965-இல் அலுமினியம் எடுக்கத் தொடங்கி, 2008-இல் நின்றுபோனது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டுதான் அதன் தீனி. எடுத்த அலுமினியம் எங்கெங்கோ பாத்திரமாகவும் கம்பியாகவும் போய்விட்டது. ஊருக்கு மிஞ்சியது சிவப்புச் சேறு.

பாக்சைட்டை அரைத்துக் கொதிக்கும் காஸ்டிக் சோடாவில் போட்டால் அலுமினா கரைந்துவிடும். இரும்பும் டைட்டானியமும் அடியில் தங்கும். சேறு சிவப்பது இரும்பால். ஒரு டன் அலுமினாவுக்கு ஒன்று முதல் ஒன்றரை டன் வரை சேறு சேரும். பாக்சைட்டில் இம்மியளவு இருக்கும் ஸ்காண்டியம், இட்ரியம், சீரியம் போன்ற அரிய மண் தனிமங்களும் கரைவதில்லை. அலுமினா வெளியேறிய பின் சேற்றில் அவற்றின் செறிவு ஏறக்குறைய இரு மடங்காகிறது.

அதிலும் விலைமதிப்புள்ளது ஸ்காண்டியம். சிறிதளவு சேர்த்தாலே அலுமினியம் நன்கு உறுதிப்படும். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சில பத்து டன்தான் உற்பத்தி. சீனா 2025 ஏப்ரலில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு தனிமங்களில் இதுவும் ஒன்று.

அதற்காகச் சேற்றைப் புதையல் என்று கொண்டாடுவது அவசரம். நன்கு ஆராயப்பட்ட கிரேக்கச் சேற்றிலேயே டன்னுக்குச் சுமார் 120 கிராம் ஸ்காண்டியம்தான். அதைக் கரைக்க அமிலம் வேண்டும். சேறோ கடும் காரம். ஊற்றும் அமிலத்தில் பெரும்பங்கு காரத்தை முறிக்கவே தீர்ந்துவிடும். மீதி அமிலத்தில் இரும்பும் கூடவே கரையும், சிலிக்கா கூழாகி வடிகட்டியை அடைக்கும். கடைசியில் அமிலக் கழிவு என்று இன்னொரு தலைவலி. ஸ்காண்டியத்தை மட்டும் நம்பி ஆலை போட்டால் கட்டுப்படியாகாது. இரும்பு, டைட்டானியம், மிச்ச அலுமினா எல்லாவற்றையும் சேர்த்துப் பிரித்தால்தான் கணக்கு ஓரளவு நேராகும்.

ஒன்றிய அரசு 2025 ஜனவரியில் ஒப்புதல் அளித்த தேசிய முக்கியக் கனிம இயக்கத்தில், சிவப்புச் சேறு, நிலக்கரிச் சாம்பல் போன்ற கழிவுகளிலிருந்து கனிமம் மீட்கும் முன்னோடித் திட்டங்களுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள்.

சிமெண்ட் ஆலைகளும் இரும்புக்காக இந்தச் சேற்றை வாங்குவதுண்டு. குப்பை குறைகிறதே என்று அதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் சூளைக்குள் போய்ச் சிமெண்டோடு கலந்த ஸ்காண்டியத்தைத் திரும்ப எடுப்பதை மறந்துவிட வேண்டியதுதான். மேட்டூர்ச் சேற்றைச் சிமெண்டுக்குக் கொடுப்பதாக இருந்தால், முதலில் குவியலைப் பல இடங்களில் துளையிட்டு, அடுக்குக்கு அடுக்கு மாதிரி எடுத்து அளந்துவிடலாம். ஏற்காட்டுப் பாக்சைட் விட்டுச்சென்ற சேறும் கொல்லிமலைச் சேறும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதில்லை.