அக்கம்பக்கத்துப் போட்டி, கண்டம் தாண்டும் பயணம்

அமெரிக்க வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மேற்கு ஓரத்தில், பசிபிக் பெருங்கடலுக்கு அருகில் இருக்கிறது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். ஆனால், 2024 முதல் அதன் பெரும்பாலான விளையாட்டு அணிகள் ‘அட்லாண்டிக் கோஸ்ட்’ என்ற கூட்டமைப்பில் போட்டியிடுகின்றன. அட்லாண்டிக் பெருங்கடலோ நாட்டின் மறு ஓரத்தில் இருக்கிறது. ‘பிக் டென்’ என்ற இன்னொரு கூட்டமைப்பில் இருப்பவை பத்துப் பல்கலைக்கழகங்கள் அல்ல, 18. ‘பிக் 12’ கூட்டமைப்பில் 16.

இந்தக் கணக்கு சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால், அதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான மாணவர்களின் வகுப்பு, தூக்கம், தேர்வு எல்லாம் இருக்கின்றன.

கூட்டமைப்பு என்று நான் இங்குச் சொல்வது அமெரிக்கர்கள் ‘கான்ஃபரன்ஸ்’ என்று அழைக்கும் அமைப்பை. நம் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் வட்டார வாரியாக மோதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதேபோல, பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து, பயணச் செலவைக் குறைத்து, ஒரே விதிகளின்கீழ் விளையாடத்தான் இவை தோன்றின. பிக் டென் 1896ல் உருவானது. நீச்சல், கைப்பந்து, ஓட்டம் என்று ஏறக்குறைய எல்லா விளையாட்டுகளின் அட்டவணையும் இந்தக் கூட்டமைப்பைப் பொறுத்தே அமைகிறது.

இதைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் என் சித்தப்பா மகள். தொடக்கக் கல்லூரியில் படிக்கும் அவள் நீச்சல் வீராங்கனை. அமெரிக்காவில் படிக்க ஆசை. “அக்கா, இந்தப் பல்கலைக்கழகம் கலிஃபோர்னியாவில் இருக்கு. இவங்க ஏன் நீந்தறதுக்குக் கிழக்குக் கரைக்குப் போறாங்க?” என்று ஒருநாள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன்.

நூறாண்டுக் கூட்டமைப்பு கலைந்த கதை

‘பேக் 12’ கூட்டமைப்பின் வரலாறு 1915ல் தொடங்குகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு அது. 500க்கும் மேற்பட்ட தேசிய வெற்றியாளர் பட்டங்களை அதன் உறுப்பினர்கள் வென்றிருக்கிறார்கள். நீச்சல், டென்னிஸ், நீர்ப்பந்து போன்ற விளையாட்டுகளில் அவர்களுக்குத் தனிப் பெருமை உண்டு.

2022 ஜூன் 30ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிசில் இருக்கும் யுசிஎல்ஏ, தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் இரண்டும் பேக் 12ஐ விட்டு பிக் டென்னில் சேரப்போவதாக அறிவித்தன. அடுத்த சில வாரங்களில் பிக் டென், ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி நிறுவனங்களுடன் ஒளிபரப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஏழு ஆண்டுகளுக்கு ஏழு பில்லியன் அமெரிக்க டாலருக்கும் அதிகம்.

லாஸ் ஏஞ்சலிஸ் ரசிகர்களை இழந்த பேக் 12ஆல் அதற்கு ஈடான ஒப்பந்தம் எதையும் பெற முடியவில்லை. ஆப்பிள் நிறுவனம் முன்வந்தது. ஆனால், வருமானம் சந்தாதாரர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றதும் பலர் தயங்கினார்கள். 2023 ஜூலை இறுதியில் கொலராடோ விலகியது. ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் விலகின: ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், யூட்டா மூன்றும் பிக் 12க்கு. செப்டம்பர் 1ஆம் தேதி ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கோஸ்டில் இடம் பிடித்தன. அதற்கு விலையும் கொடுத்தன. தொடக்க ஆண்டுகளில் தொலைக்காட்சி வருமானத்தில் மற்றவர்களின் பங்கில் ஏறக்குறைய 30 விழுக்காடு போதும் என்று ஒப்புக்கொண்டன.

கடைசியில் எஞ்சியவை ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் மட்டுமே.

வேர் 1984ல்

இதற்கெல்லாம் பேராசைதான் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால், ஒரு நீதிமன்றத் தீர்ப்பைப் புரிந்துகொண்டால் கதை தெளிவாகும்.

ஒரு காலத்தில், அமெரிக்கக் காற்பந்தில் எந்தப் பல்கலைக்கழக ஆட்டம் எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்பதை என்சிஏஏ எனும் தேசியச் சங்கம் முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 1984ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் பல்கலைக்கழகங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஒளிபரப்பு உரிமையை விற்கும் அதிகாரம் பல்கலைக்கழகங்களுக்கும் கூட்டமைப்புகளுக்கும் வந்தது.

எதிர்த்து வாக்களித்த இருவரில் ஒருவர் நீதிபதி பைரன் வைட். அவரே கொலராடோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் காற்பந்து நட்சத்திரம். கல்லூரி விளையாட்டை வெறும் வணிக முயற்சியாகப் பார்ப்பது தவறு என்பது அவருடைய வாதம். 2023ல் பேக் 12ஐ விட்டு வெளியேறியவர்களின் வரிசையில் அவர் படித்த கொலராடோவும் இருந்தது.

தீர்ப்புக்குப் பிறகு, பக்கத்து ஊர் யார் என்பதைவிட எந்த ஊரில் எத்தனை பேர் தொலைக்காட்சி பார்க்கிறார்கள் என்பது முக்கியமாயிற்று. டெக்சஸ் பல்கலைக்கழகங்கள் பலவற்றைக் கொண்ட ‘சவுத்வெஸ்ட்’ கூட்டமைப்பு 1996ல் கலைந்தது. டெக்சசும் ஓக்லஹோமாவும் 2024ல் தென்கிழக்குக் கூட்டமைப்புக்கு மாறின. இந்த மாற்றங்களை எல்லாம் இழுத்துச் சென்றது அமெரிக்கக் காற்பந்துதான்.

பணம் காற்பந்துக்கு, பயணம் எல்லாருக்கும்

காற்பந்து அணி ஒரு பருவத்தில் ஏறக்குறைய 12 ஆட்டங்கள் விளையாடும். பெரும்பாலும் சனிக்கிழமை. அதில் பாதி சொந்தத் திடலில். வெளியூர் என்றால் தனி விமானம். ஆண்டில் இரண்டு, மூன்று நீண்ட பயணங்களை அந்த அணி சமாளித்துவிடும்.

ஆனால், பேஸ்பால், சாஃப்ட்பால் அணிகள் ஒரு பருவத்தில் 56 ஆட்டங்கள் வரை விளையாடலாம். கைப்பந்து அணிகளுக்கு ஏறக்குறைய 30 ஆட்டங்கள். வார நாள்களிலும் ஆட்டம் உண்டு. யுசிஎல்ஏயிலிருந்து நியூ ஜெர்சியில் இருக்கும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குத் தூரம் ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர்தான். நேர வித்தியாசம் மூன்று மணி. அங்கே காலை 9 மணி என்றால் லாஸ் ஏஞ்சலிஸ் மாணவரின் உடம்புக்குக் காலை 6 மணி.

இங்கேதான் எனக்கு வியப்பளித்த ஒரு விதி வருகிறது. போட்டிப் பருவத்தில் மாணவர்கள் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் விளையாட்டுக்குச் செலவிடக்கூடாது என்கிறது என்சிஏஏ. நல்ல விதிதான். ஆனால், போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் மூன்று மணி நேரமாகவே கணக்கிடப்படும். பயண நேரம் கணக்கில் சேராது. அதாவது, தூரம் இரட்டிப்பானாலும் காகிதத்தில் மாணவரின் வேலைப்பளு கூடவில்லை.

நான் என் பல்கலைக்கழக மேசைப்பந்து அணியில் இருக்கிறேன். எங்கள் போட்டி எங்கு நடந்தாலும் எம்ஆர்டியில் போய்விட்டு அன்றிரவே வீடு திரும்பலாம். அப்படி இருந்தும், போட்டி நடக்கும் வாரத்தில் விட்டுப்போன ஒரு விரிவுரையைப் பிடிக்க இரண்டு நாள் ஆகிறது. ஆய்வுக்கூட வகுப்பு என்றால் பிடிக்கவே முடியாது. கண்டம் தாண்டிப் போய் வருவோர் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

மறுபக்க நியாயம்

பல்கலைக்கழகங்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற விளையாட்டுகள் பொதுவாகத் தங்கள் செலவுக்கு வேண்டிய பணத்தைத் தாங்களே ஈட்டுவதில்லை. காற்பந்து, கூடைப்பந்து வருமானம்தான் அவற்றைத் தாங்குகிறது. செல்வாக்குமிக்க ஸ்டான்ஃபோர்டே 2020ல் 11 விளையாட்டுகளைக் கைவிடுவதாக அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு 2021ல்தான் அம்முடிவை மாற்றிக்கொண்டது. பிக் டென் பணம் இல்லாவிட்டால் சில அணிகளை மூட வேண்டியிருக்கும் என்பது யுசிஎல்ஏ தரப்பின் வாதம்.

அதில் உண்மை இருக்கிறது. யுசிஎல்ஏயின் மாற்றத்தை அனுமதித்த கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆளுநர் குழு, மாணவர்களின் உணவு, மனநலம், கல்வி ஆதரவுக்குக் கூடுதலாகச் செலவிட வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. பாதிக்கப்பட்ட சகோதரப் பல்கலைக்கழகமான பெர்க்லிக்கு யுசிஎல்ஏ ஆண்டுக்கு 10 மில்லியன் டாலர் கொடுக்க வேண்டும் என்று 2024ல் முடிவானது. யாராவது பொறுப்பெடுத்துக் கேட்டால், பணத்தில் ஒரு பங்கு மாணவரிடம் போய்ச் சேரும் என்பதற்கு இது சான்று.

கேட்க ஆளில்லாத இடத்தில் நிலைமை வேறு. தனித்து விடப்பட்ட வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 2025 ஜூனில் தன் திடல்தட அணியை நெடுந்தூர ஓட்டத்தை மையமாகக் கொண்டதாகச் சுருக்கியது. எறிதல், தாண்டுதல் போட்டிகள் நிறுத்தப்பட்டன. உயரம் தாண்டத்தான் அங்குச் சேர்ந்த ஒரு மாணவர், தொலைக்காட்சி ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடவில்லை. கூட்டமைப்பு மாறும் முடிவுகளை எடுப்பவர்கள் பல்கலைக்கழகத் தலைவர்களும் நிர்வாகிகளும்தான். அந்த மேசையில் மாணவருக்கு வாக்கு இல்லை. என்னை உறுத்துவது இதுதான்.

ஆனாலும், கைவிடப்பட்டவர்கள் முடங்கிவிடவில்லை. ஆரிகன் மாநில பேஸ்பால் அணி 2025 பருவத்தில் கூட்டமைப்பே இல்லாமல் எதிரணிகளைத் தேடித் தேடி விளையாடி, தேசிய இறுதிச் சுற்றான கல்லூரி உலகத் தொடருக்குத் தகுதி பெற்றது. இரு பல்கலைக்கழகங்களும் பேக் 12 என்ற பெயரைக் காப்பாற்றி, 2026 முதல் சேர்வதற்குப் புதிய உறுப்பினர்களையும் திரட்டின.

நமக்கு என்ன?

ஜோசஃப் ஸ்கூலிங் டெக்சசில் நீந்தியவர். குவா செங் வென் பெர்க்லியில் நீந்தியவர். அவர்கள் காலத்தில் இருந்த கூட்டமைப்பில் இன்று அந்த இரு பல்கலைக்கழகங்களும் இல்லை. இவர்களைப் போல் அமெரிக்கா போக எண்ணும் சிங்கப்பூர், மலேசிய மாணவர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. என் சித்தப்பா மகளுடன் உட்கார்ந்து நாங்கள் தயாரித்த கேள்விகளை உங்களுக்கும் தருகிறேன்.

முதலில், பல்கலைக்கழக இணையத்தளத்தில் உங்கள் விளையாட்டின் கடந்த பருவ அட்டவணையைத் தேடுங்கள். வார நாள்களில் எத்தனை வெளியூர்ப் பயணங்கள் என்று எண்ணுங்கள். நீச்சலில் போட்டிகள் குறைவு, கைப்பந்தில் அதிகம். ஒரே பல்கலைக்கழகத்திலும் விளையாட்டுக்கு விளையாட்டு வாழ்க்கை மாறும்.

இரண்டாவது, நீங்கள் படிக்க விரும்பும் துறையில் ஆய்வுக்கூட வகுப்புகள் பயிற்சி நேரத்தோடு மோதுமா என்று பயிற்றுவிப்பாளரிடமும், அணியில் ஏற்கெனவே இருக்கும் மாணவரிடமும் கேளுங்கள். இருவரும் ஒரே பதிலைச் சொல்கிறார்களா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, அணி மூடப்பட்டால் உங்கள் உபகாரச் சம்பளம் தொடருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, பணம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் விளையாட்டாளர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 20.5 மில்லியன் டாலர் வரை. ஆனால், மாணவர் விசாவில் செல்வோருக்கு வேலைக் கட்டுப்பாடுகள் உண்டு. அந்தப் பணத்தை நம்பித் திட்டமிட வேண்டாம்.

என் சித்தப்பா மகள் தன் பட்டியலிலிருந்து எந்தப் பல்கலைக்கழகத்தையும் நீக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் வரைந்திருக்கிறாள். ஒன்றில் அந்த அணியின் நேரச் சாதனைகள். மற்றதில், ஒரு பருவத்தில் அது வகுப்பைவிட்டு விலகி இருக்கும் நாள்களின் எண்ணிக்கை. இரண்டாவது கட்டத்தை நிரப்பத்தான் அவளுக்கு அதிக நேரம் பிடித்தது.