கவுன்டர் பலகைத் துண்டுகளை லேத்தில் கடையலாம்

மருத்துவமனை வரவேற்பு மேசை, உணவகக் கவுன்டர் போன்றவற்றில் கிரானைட்டுக்குப் பதிலாக, இணைப்பே தெரியாத வழவழப்பான செயற்கைப் பலகையைப் பொருத்துவதைப் பார்த்திருப்போம். 1967இல் டியூபான்ட் நிறுவனம் உருவாக்கிய கோரியன் இவ்வகையில் முன்னோடி. கைகழுவும் தொட்டிக்காக வெட்டியெடுத்த நடுத்துண்டும் ஓரத்துண்டுகளும் பட்டறைகளில் கழிவாகக் கிடக்கும். பள்ளியில் சிறிய மர லேத் இருந்தால் அவற்றில் பம்பரமும் பேனாவும் கடையலாம். பலகையின் தடிமன் பெரும்பாலும் 12 மி.மீ.தான், 4 துண்டுகளை அடுக்கி ஒட்டினால்தான் 48 மி.மீ. உயரம் கிடைக்கும். எனவே எல்லாம் அந்த ஒட்டைப் பொறுத்தது.

மாணவர் கை முதலில் ஃபெவிகாலைத்தான் தேடும். அங்கேயே வேதியியல் பாடத்தைத் தொடங்கிவிடலாம். அந்தப் பசையில் உள்ள நீரை மரம் உறிஞ்சிக்கொள்வதால் பசை இறுகுகிறது. இந்தப் பலகையிலோ நுண்துளைகளே இல்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிசின், மீதி அலுமினியம் ஹைட்ராக்சைடு துகள். நீர் வெளியேற வழியின்றிப் பசை நடுவில் ஈரமாகவே இருக்கும். இப்பலகைக்கென்றே விற்கும் இருபகுதி அக்ரிலிக் பசை, பலகையின் பிசினோடு ஒரே இனம் என்பதால் நன்றாகப் பிணைகிறது. வாடை கடுமை, ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். அது கிடைக்காவிட்டால் ஈபாக்ஸி பயன்படுத்தலாம். நொடியில் ஒட்டும் பசை பேனா அளவுக்குச் சரி, ஆனால் உளி இடறி அதிர்ந்தால் விட்டுவிடும்.

ஒட்டும் பரப்புகளின் பளபளப்பை 100ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்துப் போக்கி, ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். பிறகு விரல் படக்கூடாது. கிளாம்ப்பை அளவோடு முறுக்கினால் போதும். மிகுதியாக முறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடும். ஈபாக்ஸி என்றால் ஒருநாள் முழுவதும் விட்டுவையுங்கள். மாணவர்களுக்கு இந்தப் பொறுமைதான் கடினம்!

ஏன் இத்தனை கவனம்? நிமிடத்துக்கு 1200 சுற்று வேகத்தில், அச்சிலிருந்து 5 செ.மீ. தள்ளி 50 கிராம் துண்டு ஒன்று ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். அதைப் பிடித்துவைக்க வேண்டிய மையநோக்கு விசை ஏறத்தாழ 40 நியூட்டன். அதாவது 4 கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல. வேகத்தை இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. கணக்கைக் கரும்பலகையில் மாணவர்களே போடட்டும். அதன்பின் வேகத்தைக் கூட்டச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுக்கும் திசையும் முக்கியம். அடுக்குகள் அச்சுக்குக் குறுக்காக, தட்டுமேல் தட்டு வைத்ததுபோல் இருந்தால் ஒவ்வொரு அடுக்கும் முழு வட்டமாகத் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். அச்சுக்கு இணையாக இருந்தால் விசை நேராக ஒட்டையே இழுக்கும். பம்பரத்துக்கு முதல் முறையே ஏற்றது.

முகக்கவசத் தடுப்பும் தூசி முகமூடியும் இல்லாமல் லேத்தை ஓட்ட வேண்டாம். கூரான உளி தேங்காய்த் துருவல்போல் சீவிக்கொண்டே வரும். வெள்ளைத் தூளாகப் பறக்கத் தொடங்கினால் உளி மழுங்கிவிட்டது. லேத்தை நிறுத்தி, தீட்டிவிட்டுத் தொடரச் சொல்லுங்கள்.