கணை இழைக்கும்போது சிம்பு பெயராமல் இருக்க

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரி நிலங்களில் மழை பெய்த ஈரம் விவசாயிக்காகக் காத்திருப்பதில்லை. விதைப்பு நேரத்தில் மண்வெட்டிக் கணை முறிந்தாலோ, அதன் சிம்பு உள்ளங்கையில் ஏறினாலோ வேலை கெடும். கணைக்கு நாட்டுக் கருவேல் ஏற்ற மரம், உறுதியானது. ஆனால் இழைக்கும் திசை தவறினால் சிம்பு சிம்பாகப் பெயரும்.

இதற்குக் காரணம் மரத்தின் நார் ஓட்டமே. நார்கள் பெரும்பாலும் சற்றுச் சாய்ந்தே ஓடும். கட்டையின் பக்கவாட்டைப் பாருங்கள். ரேகைகள் எந்தத் திசையில் மேலேறுகின்றனவோ, அந்தத் திசையிலேயே இழைப்புளியைத் தள்ள வேண்டும். அப்போது நார் பிளந்தாலும் மேலே வந்து முடிந்துவிடும். எதிர்த்துத் தள்ளினால் பிளவு கட்டைக்குள் இறங்கிப் பள்ளம் விழும். காளையின் முதுகை வால் பக்கமாகத் தடவினால் மயிர் படியும். தலைப் பக்கமாகத் தடவினால் சிலிர்க்கும். மரமும் அப்படித்தான்.

உருண்டையாகச் செதுக்கும்போது தடித்த பகுதியிலிருந்து மெல்லிய பகுதியை நோக்கி இழைக்கவும். வேம்பில் நார்கள் மாறி மாறிச் சாய்ந்திருப்பதால் எத்திசையிலும் பெயரலாம். அலகை நன்றாகத் தீட்டி, மெல்லிசாகச் சீவி, உப்புத்தாளால் முடிப்பது நல்லது. கட்டையின் தலைப்பை இழைக்கும்போது இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கித் தள்ளினால் மூலை உடையாது.

இப்போது கதவு, ஜன்னல் வேலைக்குக் கையால் பிடிக்கும் ரூட்டர் மெஷினும் வந்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் அதன் பிட் கடிகார முள் திசையில் சுழலும். எனவே பலகையின் வெளி ஓரத்தை வெட்டும்போது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றி வர வேண்டும். அதாவது, நமக்கு முன்னுள்ள ஓரத்தில் இடமிருந்து வலமாக நகர்த்த வேண்டும். சட்டத்தின் உள் ஓரத்தில் இதற்கு மாறாகச் செல்லவும். திசை மாறினால் மெஷின் கையை இழுத்துக்கொண்டு ஓடும்; விரலுக்கு ஆபத்து. முதலில் குறுக்கு ஓரங்களை வெட்டி, பிறகு நெட்டு ஓரங்களை வெட்டினால் மூலையில் பெயர்ந்த சிம்பு தானே நீங்கிவிடும். ஒரே தடவையில் ஆழமாக வெட்டாமல், இரண்டு மூன்று தடவையாக வெட்டவும். பிட் மாற்றும் முன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

கடையில் கணை வாங்கும்போதும் ரேகையைக் கவனியுங்கள். அது அடி முதல் நுனி வரை நேராக ஓட வேண்டும். நடுவில் பக்கவாட்டாக வெளியேறும் கணை, பெரும்பாலும் அந்த இடத்திலேயே முறியும்.