அலமாரியில் தூங்கும் சிடிக்களைக் கேட்க ஒரு பிளேயர்... குறைந்த செலவில் எப்படி வாங்குவது?

பரமக்குடியிலும் வைகைக்கு அக்கரையில் இருக்கும் எமனேசுவரத்திலும் நெசவு வீடுகளுக்குப் பாட்டு என்பது வேலையோடு சேர்ந்த விஷயம். கை நாடாவை ஓட்டும், கால் மிதியை மிதிக்கும், காதுக்கு மட்டும் வேலை இருக்காது. முதலில் ரேடியோ இருந்தது. இலங்கை வானொலி தெளிவாகக் கேட்ட கடற்கரை மாவட்டம் இது. பிறகு டேப் ரெக்கார்டர் வந்தது. 'எனக்குப் பிடித்த 12 பாட்டு' என்று சீட்டு எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் சென்டரில் கேசட் பதிந்து வாங்கிய தலைமுறை அது. அதற்குப் பின்னால் சிடி, அடுத்து எம்பி3 சிடி, கடைசியாக செல்போன்.

செல்போன் வந்ததும் சிடி பிளேயர் பரணுக்குப் போய்விட்டது. வட்டுகள் மட்டும் அலமாரியிலேயே தங்கிவிட்டன. எந்தப் பாட்டும் போனிலேயே கிடைக்கும்போது அவை எதற்கு என்று தோன்றலாம். சினிமாப் பாட்டு வரைக்கும் அது சரிதான். ஆனால் உங்கள் வீட்டுக் கல்யாண விசிடியோ, கோயில் திருவிழாவில் தாத்தா பாடியதைப் பதிந்த சிடியோ, வெளிநாட்டுக்குப் போன அப்பா பேசி அனுப்பிய கேசட்டைப் பிறகு சிடியில் ஏற்றியதோ எந்தச் செயலியிலும் கிடைக்காது. உலகத்திலேயே அதற்கு ஒரு பிரதிதான் இருக்கிறது. அது உங்கள் அலமாரியில் இருக்கிறது.

அதனால் பிளேயர் வாங்குவதற்கு முன், எந்த வட்டுகளுக்காக வாங்குகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முதலில் வட்டுகளைப் பிரியுங்கள்

பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் வட்டுகள் நான்கு வகை.

ஆடியோ சிடி: 1982 அக்டோபரில் ஜப்பானில் சோனி நிறுவனம் முதல் சிடி பிளேயரை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இன்றுவரை இதன் முறை மாறவில்லை. ஒரு வட்டில் சுமார் 74 முதல் 80 நிமிடம் பாட்டு இருக்கும். எந்த சிடி பிளேயரிலும் ஓடும்.

எம்பி3 சிடி: ஒரே வட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டு. சுருக்கிப் பதிந்தது. பிளேயரின் முகப்பில் 'எம்பி3' என்று போட்டிருந்தால்தான் இது ஓடும். 90-களில் வந்த நல்ல சிடி பிளேயர்கள் பலவற்றில் ஓடாது.

விசிடி: 2000-ஐ ஒட்டிய வருடங்களில் கல்யாணம் நடந்த வீடுகளில் கட்டாயம் இருக்கும். படமும் சேர்ந்தது என்பதால் ஆடியோ சிடி பிளேயரில் ஓடாது.

டிவிடி: இதைப் படிக்க வேறு லேசர் வேண்டும். சிடி பிளேயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நான்கு வகையும் கலந்து கிடக்கும் வீட்டுக்கு விடை சுலபம். டிவிடி பிளேயர் ஒன்று வாங்கினால் பெரும்பாலும் எல்லாமே ஓடிவிடும். 'சிடி கேட்க டிவிடி பிளேயர் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. பட்ஜெட் என்று வந்துவிட்டால் அதுதான் முதல் தேர்வு.

ஒரே ஒரு சிக்கல் உண்டு. பல மலிவு டிவிடி பிளேயர்களில் பாட்டு எண் காட்டும் சின்னத் திரை கிடையாது. அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுக்க டிவியைப் போட வேண்டியிருக்கும். தறியில் உட்கார்ந்துகொண்டு பாட்டு மாற்றுபவருக்கு இது பெரிய தொந்தரவு. எனவே எண் தெரியும் முகப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். புதிய சிடி, டிவிடி பிளேயர்களின் வரத்து குறைந்துவிட்டது. ஐந்துமுனை பக்கத்துக் கடைகளில் விசாரித்தால் பழுது பார்ப்பவரிடமே ஒன்றிரண்டு இருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லியும் விடலாம். ஆனால் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டு வட்டுகள் மூன்றை எடுத்துப் போங்கள்: கடையில் வாங்கிய ஒரிஜினல் ஆடியோ சிடி ஒன்று, கம்ப்யூட்டரில் பதிந்த சிடி ஒன்று, எம்பி3 சிடி ஒன்று. கடைக்காரர் போட்டுக் காட்டும் வட்டு நன்றாகத்தான் ஓடும். உங்களுடையது ஓட வேண்டும் என்பதுதான் முக்கியம்.

ஒரிஜினல் சிடியில் கடைசிப் பாட்டைப் போடுங்கள். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. முதல் பாட்டு நடுவிலும் கடைசிப் பாட்டு விளிம்பிலும் இருக்கும். தேய்ந்த மெஷின் முதல் பாட்டை ஒழுங்காகப் பாடிவிட்டு, கடைசியில் திக்கும்.

பதிந்த சிடி அடையாளம் தெரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ரொம்ப நேரம் சுற்றிவிட்டு 'டிஸ்க் இல்லை' என்று காட்டினால் லென்ஸ் அழுக்காக இருக்கலாம், அல்லது லேசர் வயதாகிவிட்டிருக்கலாம். அழுக்கு என்றால் துடைத்தால் போதும். லேசர் என்றால் மாற்ற வேண்டும். பழைய மாடல்களுக்கு அந்த பாகம் கிடைப்பது கஷ்டம். 'துடைத்துக் காட்டுங்கள், ஓடினால் வாங்குகிறேன்' என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

தட்டை நாலைந்து முறை திறந்து மூடுங்கள். சிக்கினால் உள்ளே உள்ள ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். அது சின்னச் செலவுதான். விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. லேசர் எரிகிறதா என்று தட்டைத் திறந்து கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். சிடி லேசரின் ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

வெளிநாட்டு செட் வீட்டில் இருக்கிறதா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த செட் இல்லாத தெரு குறைவு. அதைத் திரும்ப எடுக்கும்போது முதல் வேலை, பின்பக்க ஸ்டிக்கரைப் படிப்பது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஸ்டிக்கரில் 100 அல்லது 110 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நேராகச் சொருகினால் புகைந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 110-230 மாற்றும் சுவிட்ச் இருந்தால், அது 230 பக்கம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சொருகுங்கள்.

டிவிடி என்றால் இன்னொன்றும் உண்டு. டிவிடிக்கு உலகம் பல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தியா 5, வளைகுடா நாடுகள் 2, சிங்கப்பூர் 3. மண்டலம் மாறினால் சில சினிமா டிவிடிகள் ஓட மறுக்கும். ஆடியோ சிடிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

காசை எங்கே போடுவது?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சத்தம் நன்றாக இல்லை என்றதும் பிளேயரை மாற்றுகிறார்கள். உண்மையில் காதுக்கு அதிக வித்தியாசம் தருவது ஸ்பீக்கர். அடுத்தது ஆம்ப்ளிஃபயர். பிளேயர் கடைசி. சிடியில் இருக்கும் எண்களை ஒழுங்காகப் படித்துவிட்டால் மலிவான பிளேயருக்கும் விலை உயர்ந்ததற்கும் சாதாரண ஸ்பீக்கரில் பெரிய வித்தியாசம் தெரியாது.

எடுத்துக்காட்டாக, கையில் 5,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிளேயருக்கு 1,500-க்கு மேல் போகாதீர்கள். 2,500 முதல் 3,000 வரை ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். மீதி கேபிளுக்கும் பென் டிரைவுக்கும். விலை கடைக்குக் கடை மாறும். இந்தப் பங்கீடு மட்டும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளேயரின் பின்னால் சிவப்பு, வெள்ளை என இரண்டு துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கருக்கு நேராக இணைக்க அதுதான் சுலபம். எச்டிஎம்ஐ மட்டும் உள்ள பிளேயர் டிவி வழியாகத்தான் பாடும்.

ஸ்பீக்கர் பெட்டியில் 'பி.எம்.பி.ஓ 2,000 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் மயங்காதீர்கள். அது விளம்பர எண். 'ஆர்.எம்.எஸ்' என்று எத்தனை வாட்ஸ் போட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஒரு அறைக்கு 10, 20 வாட்ஸ் ஆர்.எம்.எஸ் தாராளம். தறிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்றால் சத்தத்தைக் கூட்டுவதைவிட, குழித்தறியில் உட்கார்பவரின் காது உயரத்துக்கு ஸ்பீக்கரை இறக்கி வைத்துப் பாருங்கள். பாதி சத்தத்திலேயே சொற்கள் தெளிவாகக் கேட்கும்.

உப்புக்காற்றும் பஞ்சுத் தூசியும்

நம் பகுதியில் பிளேயருக்கு இரண்டு எதிரிகள். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் உப்புக்காற்று. இணைப்புகளைத் துருப்பிடிக்க வைக்கும். நெசவுத் தெருக்களில் பஞ்சுத் தூசி. லென்ஸில் படியும். பாட்டு கேட்டு முடித்து, சூடு ஆறியதும் துணி போட்டு மூடுங்கள். ஓடும்போது மூடாதீர்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்டுங்கள். சும்மா கிடக்கும் மெஷின்தான் சீக்கிரம் கெடுகிறது.

வட்டைத் துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகச் சுழற்றித் துடைக்கக் கூடாது. பாட்டு பதிந்திருக்கும் தடம் சுழலாகப் போகிறது. அதே திசையில் கீறல் விழுந்தால் தொடர்ச்சியாக நிறைய அழிந்துபோகும். குறுக்கே விழும் கீறலை மெஷின் பெரும்பாலும் தானே சரிக்கட்டிக்கொள்ளும். இன்னொரு விஷயம், பளபளக்கும் அடிப்பக்கத்தைவிட பெயர் அச்சிட்ட மேல்பக்கம்தான் ஆபத்தானது. பாட்டு இருக்கும் அடுக்கு அந்தப் பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறினால் திரும்பக் கிடைக்காது.

பிளேயர் வந்ததும் முதல் வேலை

கடையில் வாங்கிய ஒரிஜினல் சிடி அச்சில் வார்த்தது. பத்திரமாக வைத்தால் நீண்ட காலம் இருக்கும். நாம் பதிந்த சிடி அப்படியல்ல. அதில் பாட்டு இருப்பது ஒரு சாயத்தில். வெயிலும் வெக்கையும் பட்டால் அந்தச் சாயம் மங்கும். ஓட்டு வீட்டுப் பரணில் பல கோடைகளைக் கண்ட கல்யாண சிடி இன்று ஓடினால், அடுத்த கோடைக்குப் பிறகும் ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அதனால் கேட்டு ரசிப்பதற்கு முன் பிரதி எடுத்துவிடுங்கள். லேப்டாப்பில் யுஎஸ்பியில் சொருகும் டிவிடி டிரைவ் ஒன்று இருந்தால் போதும். தெரிந்தவரிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கினாலும் சரி. ஆடியோ சிடியை 'ஃபிளாக்' என்ற வடிவில் ஏற்றினால் தரம் குறையாமல் இடம் ஏறக்குறைய பாதியாகும். 64 ஜிபி பென் டிரைவில் சுமார் 100 சிடி அடங்கும். குடும்பக் குரல்கள் உள்ளவற்றை மட்டும் இரண்டு பென் டிரைவில் ஏற்றி, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ கொடுத்து வையுங்கள். ஒரு வீட்டில் கெட்டாலும் மறு வீட்டில் இருக்கும்.

எதிலிருந்து தொடங்குவது என்று குழப்பமா? சினிமாப் பாட்டு சிடிக்களை ஓரமாக வையுங்கள். அவை காத்திருக்கும். கையெழுத்தில் பெயர் எழுதிய வட்டுகளை முதலில் எடுங்கள். அதில் எழுதியிருப்பது யார் குரல் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும்போதே அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேளுங்கள். பெயர், வருடம், ஊர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல பிளேயரை அடுத்த மாதமும் வாங்கலாம். அவருக்குத் தெரிந்ததை அவரிடம்தான் கேட்க முடியும்.